அண்ணன் கட்டிய எஞ்சின்

ஒரு சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. அதற்குமேல் நகர மாட்டேன் என்று எஞ்சின் நின்றுவிட்டது. ஒரு பக்கம் டிராக்டரின் பின்பாதி, பெரிய சக்கரங்களும் கியர்பாக்ஸுமாக மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் இரும்பு முக்காலியில் கட்டிய செயின் பிளாக்கில் எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட், எஞ்சினின் பின்பக்கம் மாட்டியிருக்கிற கிளட்ச் பிளேட்டின் நடுவே, பல் வெட்டிய ஓட்டைக்குள் நுழைய வேண்டும். அதையும் தாண்டி, எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தின் மையத்தில் உள்ள சின்ன பேரிங்கில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் இரண்டு இரும்பும் ஒட்டிக்கொள்ளும், போல்ட் போட்டு முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். சாதாரண நாளாக இருந்திருந்தால் அந்த இடத்தில் நான் எஞ்சினின் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பேன். சமயநல்லூரில் என் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியும். அன்றைக்கு வாயைத் திறக்க முடியவில்லை. கொஞ்சம் தள்ளி, சமையலறைச் சுவரை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் மதினி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி என்று நான் சொல்வது அண்ணனின் மனைவியை. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மதுரையில் ஒரு பஸ் டிப்போவில் நானும் அவரும் ஒரே ஷிப்டில் டீசல் மெக்கானிக்காக இருந்தோம். என்னைவிட வயதில் மூத்தவர், அதனால் அண்ணே. நான் சில வருஷத்திலேயே மேலதிகாரி ஒருவரிடம் வாயைக் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு, சமயநல்லூரில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. திட்டினால் கேட்டுக்கொள்வார், கேட்டுவிட்டு ஸ்பேனரைத் துடைப்பார். நான் வராத நட்டோடு மல்லுக்கட்டிக் கத்திக்கொண்டிருந்தால், “அது உன்னைய என்னடா பண்ணுச்சு, பாவம்” என்று பின்னாலிருந்து சொல்லிவிட்டுப் போவார். எனக்குக் கோபம் இன்னும் ஏறும், கூடவே சிரிப்பும் வந்து தொலைக்கும். வேலையை விட்ட பிறகும் எங்கள் பழக்கம் விடவில்லை. மாசத்துக்கு ஒரு தடவையாவது அவர் பட்டறைக்கு வருவார், இல்லையென்றால் நான் சோழவந்தான் பக்கம் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

டிப்போவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரைக்கும் பெயிண்டால் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுவார்கள். இது முடிந்தது, இனிமேல் யாரும் இதில் ஸ்பேனர் வைக்க வேண்டாம் என்று அர்த்தம். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் எல்லோரும் கைக்குக் கிடைத்த பெயிண்டில் தீற்றிவிட்டுப் போவோம். அண்ணன் மட்டும் தீக்குச்சி முனையில் பெயிண்டைத் தொட்டு, எழுத்துப் போடுகிற மாதிரி போடுவார். அவர் கோடு போட்ட எஞ்சின் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. மேஸ்திரிகூட அவர் கோட்டைப் பார்த்தால் சோதிக்காமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

அண்ணனின் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர். அதனாலோ என்னவோ, சம்பளத்தைச் சேர்த்து அண்ணன் முதலில் வாங்கியது வைகைக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அடுத்து வாங்கியது பழைய டிராக்டர் ஒன்று. மதினி மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் டிராக்டர் எதற்கு, வாடகைக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று சர்ச் சபையில்கூடச் சிலர் கேட்டார்கள். சனிக்கிழமைகளில் அண்ணனே ஏறி உட்கார்ந்து தன் வயலை உழுதார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்பேனரையும் தொட மாட்டார், வண்டியையும் எடுக்க மாட்டார். அது மதினி போட்ட கட்டளை, கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நடந்து வந்தது.

டிராக்டர் புகை தள்ள ஆரம்பித்ததும், எஞ்சினை வெளியே எடுத்து முழுசாகப் பிரித்துக் கட்டப்போகிறேன் என்று அண்ணன் சொன்னார். பட்டறைக்குக் கொண்டு வாங்கண்ணே, சேர்ந்து செய்வோம் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். “நீ கத்துவ. அது மனசு ஒடிஞ்சிரும்” என்றார். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரை சாய்த்துப் போட்ட இறக்கம் ஒன்று உண்டு, சமையலறையின் பின்கதவு அதில்தான் திறக்கும். அங்கே வைத்து, வேலை முடிந்து வருகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். மாசக்கணக்கில் ஆனது. கட்டி முடித்து, தார்ப்பாயால் மூடி வைத்தார். அதை டிராக்டரில் ஏற்ற என்னைக் கூப்பிடுவார் என்று நான் காத்திருந்தேன். அதற்குள், ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் டிப்போ வாசலிலேயே நின்று, சோழவந்தானுக்கு எப்படிப் போகணும் என்று வாட்ச்மேனிடம் கேட்டிருக்கிறார். கிண்டல் செய்கிறார் என்றுதான் அவரும் முதலில் நினைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது தலைக்குள் கட்டி. அதற்கப்புறம் அண்ணன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. நான் பார்க்கப் போனபோது என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது. பேச்சு போய்விட்டிருந்தது. என் கட்டைவிரல் நகத்திலிருந்த கிரீஸை மட்டும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருஷ நினைவு ஆராதனை முடிந்து சில வாரம் கழித்து மதினி என் பட்டறைக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். அதற்கு முன்னால் அவர் அங்கே வந்ததே இல்லை. ஆயில் படியாத ஸ்டூலைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னார். டிராக்டரை எஞ்சின் இல்லாமல் கேட்டு ஆள் வருகிறார்கள், எஞ்சினைத் தனியாகக் கேட்டும் வருகிறார்கள், எதையும் கொடுக்கப்போவதில்லை. எஞ்சினை மாட்டி ஓட வைக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, அதை யாரும் பிரிக்கக் கூடாது. அவர் கட்டியது கட்டியபடி இருக்க வேண்டும். சரி மதினி, மாட்டுவது மட்டும்தானே, ஒரு நாள் வேலை என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி கேட்டார்.

“இதைக் கட்டுறப்ப உங்க அண்ணன் நல்லாத்தான தம்பி இருந்தாரு?”

நல்லா இல்லாத ஆள் எஞ்சின் கட்ட முடியுமா மதினி என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அப்போது நான் அப்படித்தான் நம்பினேன். அதைக் கேட்டதும் அவர் மூச்சு விட்ட விதத்தைப் பார்த்துத்தான், இது சும்மா கேட்ட கேள்வி இல்லை என்று எனக்கு உறைத்தது. பிறகு அவரே சொன்னார். அண்ணன் படுக்கையில் விழுவதற்கு முந்தைய மாசங்களில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு நாள் நல்ல மழை, உன்னைக் கூப்பிடச் சோழவந்தான் ரயில் ஸ்டேஷனுக்கு பைக் எடுத்து வருகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போன மனுசன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. தொப்பலாக நனைந்து ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தால், இறக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சாமானைத் துடைத்துக்கொண்டு, எங்கே போய்விட்டு வருகிறாய் என்று இவரையே கேட்டிருக்கிறார். அடுத்து ஒரு நாள் கோயில் அசன விருந்தில், சபையார் அத்தனை பேர் முன்னாலும், சோறு போதும் என்று சொன்னதற்காக இவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் குரல் உயர்த்திப் பேசாத மனுசன். அன்றோடு மதினி பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு எடுத்து வைப்பார், துணி துவைத்து வைப்பார், வாயைத் திறக்க மாட்டார். அவராக வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருந்திருக்கிறார்.

அந்த நோய் எப்போது ஆரம்பித்திருக்கும் என்று டாக்டர்களால் சொல்ல முடியவில்லையாம். ரொம்ப நாளாகவும் இருந்திருக்கலாம், வேகமாகவும் வளர்ந்திருக்கலாம் என்று இரண்டும் கெட்டானாகச் சொல்லியிருக்கிறார்கள். மதினி பிடித்துக்கொண்டிருந்தது இந்த எஞ்சினைத்தான். அந்தப் பேசாத மாசங்களில்தானே உட்கார்ந்து இதைக் கட்டினார், தலையில் கோளாறு இருந்தவர் இம்புட்டு நுணுக்கமான வேலையை எப்படிச் செய்வார், அப்படியானால் அது சாதாரணப் புருசன் பெண்டாட்டிச் சண்டைதானே என்று. சண்டை என்றால் இரண்டு பக்கமும் தப்பு இருக்கும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். நோயாளியிடம் பேசாமல் இருந்தேன் என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. அவர் இப்படிப் பிரித்துப் பிரித்துச் சொல்லவில்லை, ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வியில் இவ்வளவும் இருந்தது. அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நானும் என் மச்சினனும் முக்காலி, செயின் பிளாக், ஜாக்கி எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். மச்சினன் என் சம்சாரத்தின் தம்பி. வேலையில் சூரன், வாய்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும். தார்ப்பாயை எடுத்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். கடையில் வைத்து விற்கலாம்போல் இருந்தது எஞ்சின். ஹெட், பம்ப், பக்க மூடிகள், எதைப் பார்த்தாலும் போல்ட் தலையில் பச்சைப் பெயிண்டில் மயிரிழையாக ஒரு கோடு. வீட்டு கேட்டுக்கு அடித்த பெயிண்டில் மிச்சம் என்று மதினி சொன்னார். கையால் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. டைமிங் சரி, டேப்பட் இடைவெளி சரி, ஒரு இடத்திலும் ஒழுகல் இல்லை. ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன், வேண்டுமென்றே. சுவரோரம் நாற்காலியில் மதினியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. எங்களுக்கு டீ போட்டுக் கொண்டுவந்தவர் மச்சினனிடம் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் விசாரித்தார்.

பிறகுதான் எஞ்சினைத் தூக்கி, நேர் பார்த்து, உள்ளே தள்ள ஆரம்பித்தோம். பாதிக்கு மேல் சிக்கலில்லாமல் போனது. கடைசியில் அந்தச் சுண்டுவிரல் இடைவெளி. இது எல்லா வண்டியிலும் நடப்பதுதான். ஷாஃப்ட்டின் பல்லும் பிளேட்டின் பல்லும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருக்கும், எஞ்சினை இம்மி இம்மியாகச் சுற்றினால் ஒரு இடத்தில் பிடித்துக்கொள்ளும். சுற்றினோம், நுழைந்த பல் நுழைந்தபடியே இருந்தது. அப்படியானால் சிக்கல் பல்லில் இல்லை. எஞ்சின் மூக்கு தூக்கியிருக்கிறதோ என்று செயினை இறக்கிப் பார்த்தோம். பின்பக்கம் ஜாக்கியை ஏற்றிப் பார்த்தோம். இரண்டு பாதியையும் நேராக நிறுத்துகிற பின்களில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். இடையில் ஒயர் எதுவும் மாட்டியிருக்கிறதா என்று கம்பி விட்டுத் துழாவினோம். வெயில் ஏறி, தகரம் காய்ந்து, இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. மச்சினன் பொறுமை இழந்து, நீளமான போல்ட் போட்டு நாலு பக்கமும் முறுக்கி இழுத்துவிடுவோம், வராமல் எங்கே போய்விடும் என்றான். அப்படி இழுத்துத்தான் ஹவுசிங் கூட்டின் காதை உடைத்துக்கொண்டு என் பட்டறைக்கு வண்டிகள் வருகின்றன. தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

எஞ்சினைத் திரும்ப வெளியே இழுத்து, கிளட்ச்சின் நடு ஓட்டை வழியாக செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. புரிந்ததை நம்ப முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். கிளட்ச் பிளேட்டுக்கு இரண்டு முகம் உண்டு. ஒரு முகம் தட்டை, இன்னொன்றில் நடுப்பகுதி புடைத்துக்கொண்டிருக்கும். தட்டை முகம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும், புடைப்பு கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். இங்கே தட்டை முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிளேட்டைப் புரட்டிப் போட்டு மாட்டியிருந்தது. புடைப்பு உள்ளே ஃப்ளைவீலின் போல்ட்டுகளில் முட்டி, பிளேட் லேசாகக் கோணிக்கொண்டு, ஷாஃப்ட்டை முழுசாக உள்ளே விடாமல் தடுத்தது. அந்தத் தொழிலில் புதுசாகச் சேர்ந்தவன் செய்கிற தப்பு. சேர்ந்த மாசத்தில் செய்து, திட்டு வாங்கி, அப்புறம் சாகிறவரைக்கும் செய்ய மாட்டான். அதற்குமேல் மூடியாக இருக்கும் பிரஷர் பிளேட்டின் ஒவ்வொரு போல்ட் தலையிலும் அண்ணனின் பச்சைக் கோடு அச்சுக் குலையாமல் இருந்தது.

மச்சினனும் எட்டிப் பார்த்துவிட்டான். வாயைத் திறந்தவனின் காலை மிதித்தேன். மதினியிடம் போய், கிளட்ச்சை மட்டும் ஒரு தடவை கழற்றிப் பார்க்கணும் மதினி, பிளேட் மையம் விலகியிருக்கும்போல என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். பிரிக்க மாட்டேன் என்று சொல்லித்தானே வந்தீர்கள் என்றார். எழுந்து வந்து எஞ்சின் பக்கத்தில் நின்றார். தொடவில்லை.

“அந்தப் பெயிண்ட்டு அவரு கையி தம்பி. வேண்டாம். வேற எதாவது வழி பாருங்க.”

வேறு வழி இல்லை. எஞ்சினை ஸ்டாண்டில் இறக்கி வைத்து, தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுக் கிளம்பினோம். வைகைப் பாலத்தில் வரும்போது மச்சினன் கேட்டான், பழைய மெக்கானிக் எப்படி மச்சான் இந்தத் தப்பைச் செய்வாரு என்று. நான் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி, ஒரு சிகரெட் பற்ற வைத்தேன். எப்படிச் செய்வார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இவனுக்கும் தெரிந்துவிடும், மதினிக்கும் தெரிந்துவிடும். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு யோசனை செய்தோம். என் பட்டறையில் அதே வண்டிக்கான வேறு பிளேட் ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கடைக்காரன் அண்ணனுக்கு அளவு மாறிய பிளேட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிவிடுவது. பழி கடைக்காரன் தலையில் விழட்டும், பேர் தெரியாத கடைக்காரன்தானே. பொய் சொல்லப்போகிறோம் என்று முடிவானதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த வீட்டில் வேலை நடக்காத நாள் என்பதால் நான் பட்டறையில் வேறு வேலையில் இருந்தேன். மதியத்துக்கு முன்னால் மதினி போன் பண்ணினார். வந்து கழற்றுங்கள், ஆனால் நான் பக்கத்தில் இருக்கணும் என்றார். இன்றைக்கா மதினி என்று கேட்டேன். இன்றைக்கே என்றார். பட்டறையில் கிடந்த பிளேட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானும் மச்சினனும் போனபோது மதினி ஆராதனைக்குக் கட்டிப் போன வெள்ளைச் சேலையிலேயே, வேதாகமத்தைக்கூட உள்ளே கொண்டுபோய் வைக்காமல் கையில் வைத்தபடி இறக்கத்தில் நின்றிருந்தார். ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

ஸ்பேனரை வைத்து முதல் போல்ட்டைத் திருப்பினேன். பச்சைக் கோடு நடுவில் வெடித்து, ஒரு சின்னச் செதிள் தரையில் விழுந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி, மூடியை எடுத்ததும் பிளேட் என் கையில் வந்து விழுந்தது. சட்டென்று அதைப் புரட்டிப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் திட்டம். அதற்குள் மதினி குனிந்துவிட்டார். தட்டை முகத்தில் இங்கிலீஷில் எழுத்து பொறித்திருக்கும், எல்லாப் பிளேட்டிலும் இருப்பதுதான். இது ஃப்ளைவீல் பக்கம் என்று எழுதியிருக்கும். பிள்ளைகளின் பரீட்சைத் தாளைப் படித்துப் பழகின கண், ஒரே பார்வையில் படித்துவிட்டார்.

கடைக்காரன் பிளேட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறான் மதினி என்று நான் ஆரம்பித்தேன். பையிலிருந்த பிளேட்டையும் எடுத்தேன். அவர் என் கையிலிருந்த இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே எழுத்து. ஃப்ளைவீல் எது என்று கேட்டார், காட்டினேன். அப்படியென்றால் இந்த எழுத்து அந்தப் பக்கம்தானே இருந்திருக்கணும் என்றார். ஆமாம் என்றேன். எல்லோருக்கும் வருகிற தப்புதான் மதினி, நானே செய்திருக்கிறேன் என்று உளறினேன்.

“உங்க அண்ணனுக்கு வருமா?”

நான் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தேன். மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எஞ்சினில் எதை முதலில் மாட்டுவார்கள், எதைக் கடைசியில் மாட்டுவார்கள் என்று அவர் அடுத்துக் கேட்டார். வகுப்பில் கேட்கிற மாதிரி நிதானமாகத்தான் கேட்டார். உள் சாமான்கள் முதலில், அப்புறம் ஹெட், பம்ப், கடைசியில்தான் கிளட்ச் என்று சொன்னேன். மற்றது எல்லாம் சரியாக இருக்கிறதே மதினி, ஒரு குறை சொல்ல முடியாது என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிளேட்டுகளைத் திருப்பித் தந்துவிட்டு, மாட்டுங்கள் தம்பி என்றார்.

அண்ணனின் பிளேட்டையே சரியான பக்கம் திருப்பி மாட்டினேன். எஞ்சினைத் தூக்கித் தள்ளியதும் எந்தத் தகராறும் செய்யாமல், கடைசி இடைவெளியும் மூடி, உட்கார்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் முன் அச்சு, ரேடியேட்டர், டீசல் லைன் எல்லாம் பூட்டிவிட்டோம். டீசலைப் பம்ப் பண்ணி, லைனில் இருந்த காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் வெள்ளைப் புகையைத் தள்ளிவிட்டு ஓடியது. அப்படி ஒரு சீரான சத்தத்தை நான் அதிகம் கேட்டதில்லை. வேறு எந்த வீடாக இருந்தாலும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருப்பேன். அன்றைக்கு ஓடாமலே போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

மதினி சமையலறைப் பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நிறுத்தவா மதினி என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். மச்சினன் கருவிகளைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தான். பக்கத்தில் போனேன். எஞ்சின் சத்தத்துக்கு நடுவில், என்னைப் பார்க்காமல், அந்தக் கதவு நிலையைப் பார்த்தே பேசினார்.

“இந்த இடத்துலதான் வந்து நின்னாரு. கையில அந்தத் தட்டு. ‘ஏம்மா, இது எந்தப் பக்கம்?’னு கேட்டாரு. ஊர்ப்பட்ட பஸ்ஸுக்கு மாட்டுன ஆளு, எங்கிட்ட வந்து கேக்குறாரேன்னு நெனச்சேன். சமாதானத்துக்கு வாராரு, வாயில மன்னிப்பு வரலை, அதான் இப்படி விளையாட்டுக் காட்டுறாருன்னு நெனச்சேன். அம்புட்டுச் சீக்கிரம் எறங்கிப் போகக் கூடாதுன்னு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன். கொஞ்ச நேரம் நின்னாரு தம்பி. அப்புறம் போயிட்டாரு. அதுலயே எழுதியிருந்துருக்கு. கையில வாங்கியிருந்தா நான் படிச்சுச் சொல்லியிருப்பேன்.”

சொல்லிவிட்டு மதினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு, சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும், என்றைக்கும் இல்லாமல், சம்சாரத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஓடிவிட்டது. மதினி ரிட்டையர் ஆகிவிட்டார். நிலத்தை விற்கவில்லை, டிராக்டரையும் விற்கவில்லை, டிரைவர் ஒருவர் வைத்து உழுகிறார். வண்டி சர்வீஸுக்கு என்னிடம்தான் வரும். கிளட்ச் இன்னும் நழுவவில்லை. வருகிறபோதெல்லாம் டிரைவரிடம் மதினியைப் பற்றி விசாரிப்பேன், நன்றாக இருக்கிறார்கள் என்பார். கிறிஸ்துமஸுக்கு நானும் சம்சாரமும் போய் வருவோம். ஊர்க்கதை பேசுவோம், சாப்பிடுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமையை இரண்டு பேரும் தொடுவதில்லை. ஆறுதலாகச் சொல்ல எனக்கும் வார்த்தைகள் இல்லாமல் இல்லை. அவருக்கே தெரியாத நோய், உங்களுக்கு எப்படித் தெரியும் மதினி என்று சொல்லலாம். நீங்கள் பதில் சொல்லியிருந்தாலும் அந்தக் கட்டி நின்றிருக்காது என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான், பாதிரியாரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கதவடியில் அண்ணன் சமாதானத்துக்கு வந்து நிற்கவில்லை, விளையாட்டும் காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டிருக்கிறார்.